மாம் டோர் மலைக்கு 14 பேர்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். அக்டோபர் கடைசி ஞாயிறு, நண்பர் குடும்பங்களாக 14 பேர் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஈடேல் கிராமத்திலிருந்து மாம் டோர் ஏறிவரத் திட்டம். 68 வயது மாமா ஒருவரும் 7 வயதுப் பிள்ளைகள் இருவரும் உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் போகும் அந்த ஞாயிறு அதிகாலையில்தான் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வரை இருந்த சூரியன், ஞாயிறு 4:40 வாக்கிலேயே மறைந்துவிடும். மேகம் இறங்கினால் நாலு மணிக்கே பாதை மங்கும்.

ஈடேலில் தொடங்கி முகட்டில் உள்ள ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறி, மலைமுகட்டின் வழியாக 517 மீட்டர் உயர மாம் டோர் உச்சிக்குப் போய், மறுபடி ஈடேலுக்கு இறங்கும் சுற்று சுமார் 8 கிலோமீட்டர். ஏற்றம் கிட்டத்தட்ட 300 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு. 14 பேர் என்றால் ஒருவர் ஷூ நாடா கட்டுவார், ஒருவர் போட்டோ எடுப்பார், பிள்ளைக்குப் பசிக்கும். இரட்டிப்பாகவே வையுங்கள். காலை பத்தரைக்கு நடை தொடங்கட்டும். ஒன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி தொடாவிட்டாலும், வந்த வழியே திரும்புவது என்று கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மேலே போய்ப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாமாவுக்கு மூட்டுவலி இருந்தால் ஈடேலிலிருந்து ஏற்ற வேண்டாம். உச்சிக்குச் சற்றுக் கீழே மாம் நிக் கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து கல் பாவிய பாதையும் படிகளும் உச்சிவரை போகின்றன. ஒருவர் அவரைக் காரில் கூட்டிவந்தால் எல்லோரும் மேலே சந்திக்கலாம். விடுமுறை நாளில் அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவர் முன்னால் இருக்கட்டும், வழி தெரிந்த பெரியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். ஹாலின்ஸ் கிராஸில் பல பாதைகள் கூடுகின்றன. ஈடேலுக்குச் சொந்தத் தேவாலயம் இல்லாத காலத்தில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள காசில்டன் ஊருக்குப் போன வழி அது. அங்கே நின்று, தலை எண்ணி, அப்புறம் நகருங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, முகட்டுக் காற்றில் உடம்பு விறைத்துவிடும். கம்பளி ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. அடி தேய்ந்த ஷூவோடு வருபவரைக் காரிலேயே உட்கார வையுங்கள்: ஈர இலை ஒட்டிய கற்பலகையில் இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனைதான், ஆனால் உச்சியில் உட்கார்ந்து சாப்பிடாமல் காற்று மறைவாகக் கொஞ்சம் இறங்கிச் சாப்பிடுங்கள்.

தலைவிளக்கு, பிரிட்டனின் அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடம் இரண்டும் கையில் இருக்கட்டும். யாராவது அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. குழுவுக்கு இரண்டு விசில் போதும். பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.