இன்சுலின் போட்டவர்களுக்கே ஏன் கால் கெடுகிறது? கிளினிக் பதிவேட்டில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவருக்கு

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் நீரிழிவு கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். 2018 முதல் உள்ள பதிவேடுகளை நானும் ஒரு டொக்டரும் எக்செல்லில் ஏற்றிவிட்டோம். குளிசை மட்டும் எடுப்பவர்களைவிட இன்சுலின் போடுபவர்களுக்குத்தான் கால் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் என்று வருகிறது. இதைக் கட்டுரையாக எழுதலாமா?

கட்டுரை எழுதலாம். அந்த முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கிளினிக்கில் யாருக்கு இன்சுலின் தொடங்குகிறீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், இரண்டு வகைக் குளிசை போட்டும் இறங்கவில்லை, காலில் ஏற்கெனவே விறைப்பு. அப்படிப்பட்டவருக்குத்தானே? படகில் ஓட்டை விழுந்து ஒருவன் தண்ணீர் இறைக்கிறான். கரையில் நிற்பவன் அதைப் பார்த்து, இவன் இறைப்பதால்தான் படகு தாழ்கிறது என்றால் எப்படி? உங்கள் அட்டவணை சொல்வதும் அதுதான்.

இதில் ஏமாந்தவர்கள் பெரிய ஆட்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் ஹோர்மோன் மாத்திரை எடுத்தால் மாரடைப்புக் குறைகிறது என்று பல அவதானிப்பு ஆய்வுகள், அதாவது யாருக்கு என்ன மருந்து என்று தீர்மானிக்காமல் நடந்ததைப் பார்த்து மட்டும் எழுதிய ஆய்வுகள், சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2002 இல் வந்தபோது கதை தலைகீழாகிவிட்டது. முன்பு விரும்பி ஹோர்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், உடம்பைக் கவனிப்பவர்கள். மாத்திரையின் பெயரில் அவர்களுடைய வசதியைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் எப்படி ஒப்பிடுவது? இரண்டு குளிசை போட்டும் சீனி இறங்காதவர்களை மட்டும் எடுங்கள். அவர்களில், இறங்கவில்லை என்று கண்ட அன்றைக்கு இன்சுலின் தொடங்கியவர்கள் ஒரு பக்கம், மூன்றாவது குளிசை சேர்த்தவர்கள் மறுபக்கம். இருவருக்கும் அந்தத் திகதியிலிருந்தே நாட்களை எண்ண வேண்டும். வயது, வருத்தம் வந்து எத்தனை வருடம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அன்றைய கிரியட்டினின், காலின் நிலை, இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் பதிவேட்டில் இல்லாத காரணங்கள் மிஞ்சும். அதைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

கணக்குக்கு முன், அந்தப் பதிவேட்டோடு கொஞ்சம் உட்காருங்கள். அது ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டதில்லை; வரிசையில் நிற்கும் நூறு பேரை மதியத்துக்குள் பார்த்து அனுப்புவதற்காக எழுதப்பட்டது. பிரஷர் எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் சுழியத்தில் முடிந்தால், அது கைப்பழக்கம். வெறும் வயிற்றில் எடுக்கும் பாஸ்டிங் சுகரையும் அப்படியே நம்ப முடியாது. "மிஸ், ரெண்டு நாளாச் சோறே தொடல்ல" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை உங்களுக்குத் தெரியாதா? அந்த எண் கிளினிக்குக்காகத் தயாரான எண். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாதச் சீனியின் கதையைச் சொல்லும். ஆனால் அதை யாருக்கு எடுத்தார்கள்? டொக்டர் கவலைப்பட்டவருக்கு, அல்லது வெளியில் காசு கொடுத்து எடுக்க முடிந்தவருக்கு. அந்த நிரல் நிரம்பியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வேறொரு கிளினிக்கின் படம்தான் வரும்.

வெறுமையான கட்டங்களுக்கும் காரணம் உண்டு. கடலுக்குப் போகிற காலத்தில் குச்சவெளிக்காரர் வரமாட்டார். நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் குளிசை எடுக்கும் நேரமே மாறிவிடும். 2020 இல் ஊரடங்கு. 2022 இல் பொருளாதார நெருக்கடி; பெற்றோலும் இல்லை, மருந்தும் இல்லை. அந்த வருடப் பக்கங்களில் டொக்டர் எழுதிய மருந்து இருக்கும். நோயாளியின் கைக்குக் கிடைத்த மருந்து இருக்காது. மருந்தக ஏட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வராமல் போனவர் இறந்தாரா, தனியாருக்கு மாறினாரா, மகளோடு கொழும்புக்குப் போனாரா என்பதற்குத் தனித்தனிக் குறியீடு போடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்பதற்கும் ஒன்று. தயவுசெய்து சுழியம் போடாதீர்கள்.

அடுத்தது பெயர். ஒரே ஆள் ஒரு வருடம் தமிழில், மறு வருடம் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் வந்திருப்பார். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சேர்க்கலாம் என்றால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம். இரண்டும் ஒருவருடையதா என்று பார்க்காவிட்டால் ஒருவர் இருவராவார்.

பெயரை அழித்துவிட்டு அந்த இலக்கத்தை விட்டுவைத்தால் எதையும் மறைத்ததாகாது. அதில் பிறந்த வருடமும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது; பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை வேறொரு குறியீடாக மாற்றி, இரண்டையும் இணைக்கும் தாளைத் தனியே பூட்டி வையுங்கள். வயதை ஐந்தைந்து வருடமாகத் தொகுங்கள். வெருகலில் 92 வயது, டயலிசிஸ் என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். எக்செல் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது.

வைத்தியசாலை நிர்வாகத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பகுப்பாய்வு தொடங்குவதற்கு முன்பே வேண்டும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. எக்செல்லில் ஏற்றியாயிற்றே என்று மறைக்க வேண்டாம். ஏற்றியதை விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள்.

பழைய கொப்பிகளை எறிந்துவிடவும் வேண்டாம். 2020 இல் 671 வைத்தியசாலைகளின் தரவு என்று சொல்லி, கொவிட்டுக்கு ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் மருந்து கொடுப்பது ஆபத்து என்றொரு கட்டுரை லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதிலிருந்த அவுஸ்திரேலிய மரணங்கள் அந்த நாட்டின் அரச கணக்கையே தாண்டியிருந்தன. மூலப் பதிவுகளைக் காட்டு என்றபோது காட்ட முடியவில்லை. இரண்டே வாரத்தில் கட்டுரையை மீளப்பெற்றார்கள். உங்களிடம் தூசி பிடித்த கொப்பி இருக்கிறதே, அவர்களிடம் அதுகூட இருக்கவில்லை.

என்னைக் கேட்டால், இன்சுலின் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைப்பேன். 2022 இல் வருகை அறுந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வந்தபோது கால் எப்படி இருந்தது? இதற்கு உங்கள் பதிவேட்டால் பதில் சொல்ல முடியும், இங்குள்ளவர்களுக்கு உதவியும் ஆகும். அதைத் தொடங்குமுன், அனுமதி கிடைத்ததும் குலுக்கி 50 பேரை எடுத்து, எக்செல்லில் உள்ளதை அவர்கள் கையில் கொண்டுவரும் கிளினிக் கொப்பியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எந்த நிரலில் எத்தனை பிழை என்று எழுதிவைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.