பயோகேஸுக்கு கிராஃபீன் சவ்வு வாங்கலாமா?

கேள்வி: மாட்டுப்பண்ணையோடு பயோகேஸ் ஆலையும் நடத்துகிறேன். வாயுவில் 40 சதவீதம் வரை கரியமில வாயு இருக்கிறது. ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீன் சவ்வு போட்டால் மீத்தேன் சுத்தமாகப் பிரிந்துவிடும் என்று ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

கிராஃபீன் என்பது கார்பன் அணுக்களால் ஆன, ஓர் அணு தடிமனுள்ள தாள். பழுதில்லாத கிராஃபீன் எந்த வாயுவையும் பிரிக்காது. ஹீலியம்கூட அதைத் தாண்டுவதில்லை என்று 2008-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டினார்கள். பிரிக்க வேண்டுமானால் அதில் துளை போட வேண்டும். சிக்கல் அங்கேதான். கரியமில வாயு மூலக்கூறின் அளவு 3.3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), மீத்தேன் 3.8. இந்த அரை ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்குள் எல்லாத் துளைகளும் அமைய வேண்டும். 2012-இல் கொலராடோ பல்கலைக்கழகக் குழு புற ஊதா ஒளியும் ஓசோனும் கொண்டு இதைச் செய்தது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் போயின, மீத்தேன் பெரும்பாலும் நின்றுவிட்டது. அருமையான வேலை, படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சவ்வின் அகலம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. உங்களுக்கு வேண்டியது சதுர மீட்டர் கணக்கில். அந்தப் பரப்பில் சில இடங்களில் கிழிந்தாலே போதும், மீத்தேனும் அந்த வழியாகவே போய்விடும்.

சவ்வு மெலிந்தால் வாயு வேகமாகப் போகும், அதனால் குறைந்த பரப்பு போதும். சுத்தம் கிடைப்பது துளையின் அளவால்தான், மெலிவால் அல்ல. உங்களுக்கு நஷ்டம் தருவது கரியமில வாயுவோடு சேர்ந்து வெளியேறும் மீத்தேன். வேகம் கூடுவதால் மட்டும் அது குறையாது.

'கிராஃபீன்' என்று விற்பது பாலிமரில், அதாவது பிளாஸ்டிக் போன்ற பொருளில், கிராஃபீன் தூள் கலந்ததாகவும் இருக்கலாம். அது கெட்ட பொருள் இல்லை, ஆனால் ஓர் அணுச் சவ்வு அல்ல. சோதனை எத்தனை சதுர சென்டிமீட்டரில் நடந்தது, தனித்தனி வாயுவிலா கலவையிலா, ஈரத்தோடு எத்தனை வாரம் ஓடியது என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்றைய தேவைக்கு பாலிஇமைடு குழலிழைச் சவ்வை (பாலிஇமைடு என்ற பாலிமரால் ஆன, உள்ளே குழலாக இருக்கும் மெல்லிய இழைகள்) இரண்டு, மூன்று அடுக்காகப் போடலாம். தண்ணீர் தாராளமாக இருந்தால் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எடுக்கும் கழுவும் முறையும் சரி. எதைப் போட்டாலும் முதலில் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஈரத்தையும் எடுத்துவிடுங்கள். அதை விட்டால் கம்ப்ரெஸரே அரித்துப்போகும். அவர் சோதனை அறிக்கை தந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.