எழினி என்னும் பெயர்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆகஸ்டில் மகன் பிறந்திருக்கிறான். ‘எழினி’ என்று பெயரிட விரும்புகிறோம். பொருள் என்ன? நாங்கள் தருமபுரிக்காரர்கள்.

உங்கள் ஊரை ஆண்டவர்களின் பெயரைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் குடியில் வழங்கிய பெயர் எழினி. புறநானூற்று 158ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் ஏழு வள்ளல்களைச் சொல்லி வரும்போது, ‘ஊராது ஏந்திய குதிரைக் கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினி’ என்கிறார். எவரும் ஏறி ஓட்டாமல் உயர்ந்து நிற்கும் குதிரை என்பது குதிரைமலையைக் குறிக்கும். கூவிளம் என்பது வில்வம். சிறுபாணாற்றுப்படை தரும் பட்டியலில் மற்ற அறுவரும் அவர்களே, எழினியின் இடத்தில் மட்டும் அதிகன் (அதியமான்) இருக்கிறான்.

சொல்லாகப் பார்த்தால் எழினி என்பது திரைச்சீலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து கூடும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்று மாதவி ஆடிய மேடையின் மூன்று திரைகளைச் சொல்கிறது. ‘எழு’ என்னும் வினையடியோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இணையத்துப் பெயர்ப் பட்டியல்கள் ‘எழில்’ என்பதோடு ஒட்டவைத்து ‘அழகானவன்’ என்று பொருள் எழுதுவதை நம்பாதீர்கள்.

கேள்வி: எழினி என்றால் அழகன் என்று படித்தேன், சரியா?

சரியன்று. முதற்பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எண்கணிதப்படி எத்தனை எழுத்து வர வேண்டும்?

அது என் துறையன்று.

கேள்வி: பெயர் முடிவாகவில்லை, பிறப்புச் சான்றிதழ் நாள் கடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுக்குள் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட், எச் இரண்டையும் இட்டு, எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலை வையுங்கள். எல் என்று எழுதினால் பிள்ளை பள்ளியில் ‘எலினி’ ஆகிவிடுவான்.

கேள்வி: இது பெண்பெயர் அல்லவா? என் மகளுக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். ‘னி’ என்று முடிகிறதே.

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி: இத்தனை பேரும் ஆண்கள், எல்லாப் பெயரும் இகரத்தில் முடிகின்றன. தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவரில் ஒருவனை நக்கீரர் அகநானூற்று 36ஆம் பாடலில் ‘போர்வல் யானைப் பொலம்பூண் எழினி’ என்கிறார். வாட்டாற்று எழினியாதன் வேறொருவன். போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டும், சேர வமிசத்து அதிகைமான் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி (யட்சன், யட்சி) படிமங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் மீண்டும் எழுந்தருளுவித்ததாகக் கூறுகிறது. நான் அறிந்த பழஞ்சான்று ஒவ்வொன்றிலும் எழினி ஆண்மகனே. இன்று பெண் குழந்தைகளுக்கு இப்பெயரை இடுவது என் காதில் அடிக்கடி விழுகிறது. ஆண் குழந்தைக்கு இடுவோர் அரியர். காரணம் அந்த ‘எழில்’ என்னும் தவறான பொருள்தான் என்று கருதுகிறேன்.

கேள்வி (அதே தாய்): திரைச்சீலை என்ற பொருள் பெண்ணுக்கும் பொருந்துமே? பெயரை மாற்றச் சொல்கிறீர்களா?

மாற்ற வேண்டாம். பொருள் எவருக்கும் பொருந்தும். வழக்கு காலத்தோடு நகரும். வரலாற்றில் இது பெண்பெயர் என்று சொல்வதை மட்டுமே மறுக்கிறேன்.

கேள்வி: எழினியின் பல்லைப் பிடுங்கிக் கதவில் பதித்தார்களாமே, ராசியில்லாத பெயரா?

அகநானூற்று 211ஆம் பாடலில் மாமூலனார் சொல்லும் செய்தி அது: மத்தி என்பவன் ஓர் எழினியின் பல்லை வெண்மணிவாயிற் கதவில் பதித்தான். தோற்றவன் பெயரை எல்லாம் ஒதுக்கினால் பாரி என்றும் எவருக்கும் பெயர் வைக்க முடியாது. நீங்கள் படிக்க வேண்டியது புறநானூறு 102. அதியமான் நெடுமானஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. காளைகள் இளையவை, நுகம் பழகாதவை; வண்டியிலோ பாரம் மிகுதி; வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ என்று எண்ணி உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பார்கள். ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ போன்றவன் நீ என்கிறார் ஔவை. ஓர் இளவரசனை மணிமுடிக்கோ மலைக்கோ ஒப்பிடாமல், முறிவு நேரும்போது கைகொடுக்கும் ஒரு மரத்துண்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

கேள்வி: எழினி என்பதன் பொருள் என்ன?

திரைச்சீலை. அதியர் குடிப்பெயர். அழகு அன்று.

கேள்வி (தருமபுரித் தந்தை): எழினி என்று மட்டும் வைக்கலாமா, பொகுட்டெழினி என்று வைக்கலாமா?

சான்றிதழில் எழினி போதும். பொகுட்டு என்பது தாமரையின் நடுவிலுள்ள காய். வீட்டில் ‘பொகுட்டு’ என்று செல்லமாக அழையுங்கள்.