ஈஃபிள் யார் வீட்டுப் பெயர்? அரிய பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். ஒரு நாளைக்கு நாற்பது பெயர்களாவது கண்ணில் படும். பார்த்துப் பார்த்து, பெயர்களுக்குப் பின்னால் போகும் பைத்தியமும் ஒட்டிக்கொண்டது. ஈஃபிள் என்ற பெயரைப் பற்றி ஒரு கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஈஃபிள் அசல் பிரெஞ்சுப் பெயர்தானே? இதில் ஆராய என்ன இருக்கிறது? (திருச்சி வாசகர்)

அசல் ஜெர்மன் பெயர், ஐயா. அதிலும் மனிதர் பெயரல்ல, மலைப் பெயர். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் அணைந்துபோன எரிமலைகள் நிறைந்த ஐஃபெல் என்னும் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே மார்மாகென் என்ற ஊரிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் பாரிஸுக்கு வந்து குடியேறினார். அவருடைய குடும்பப் பெயர் பேனிக்ஹவுசென். பாரிஸ்காரர்களின் நாக்கு அதற்கு வளையவில்லை. எனவே சொந்த மண்ணின் பெயரையே சேர்த்து வைத்துக்கொண்டார். ஜெர்மன்காரர்கள் ஒற்றை 'எஃப்' போட்டு எழுதும் பெயருக்குப் பிரெஞ்சில் இரட்டை 'எஃப்' வந்தது.

பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் 1832 டிசம்பர் 15 அன்று திஜோன் நகரில் பிறந்தபோது பதிவேட்டில் ஏறிய பெயர் 'பொனிக்ஹவுசென் தி ஈஃபிள்'. குடும்பம் பிரான்ஸுக்கு வந்து நூறாண்டு கடந்த பிறகும் பழைய பெயர், எழுத்து சற்றுத் திரிந்து, ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

நடுவில் வரும் அந்த 'தி' என்ன? ஆங்கிலத்தில் உள்ளதுபோலவா? (சேலம் கல்லூரி மாணவி)

ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. 'என்கிற' என்று பொருள். நம் பத்திரப் பதிவில் 'சுப்பையா என்கிற கண்ணன்' என்று எழுதுவதில்லையா, அதேதான். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு ஒரு செல்லப் பெயர், ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த இரண்டு குடும்பங்களைப் பிரிக்க ஓர் அடைமொழி, வந்தேறியவனுக்கு அவன் ஊர்ப் பெயர் என்று பல வழிகளில் இந்த ஒட்டுப் பெயர்கள் முளைத்தன. கனடாவின் கியூபெக்கில் குடியேறிய பிரெஞ்சுச் சிப்பாய்களின் வம்சங்களில் இவை மண்டிக் கிடக்கும். அங்கே பேரப்பிள்ளைகள் சிலர் முதற்பெயரையும் சிலர் ஒட்டுப் பெயரையும் பிடித்துக்கொண்டதால், ஒரே பாட்டனின் வாரிசுகள் இரண்டு குடும்பப் பெயர்களில் பிரிந்து நிற்பார்கள்.

பிறகு ஏன் முன்பாதியை வெட்டினார்? (மதுரை வாசகர்)

பயம். 1870இல் பிரஷ்யா என்னும் ஜெர்மன் அரசோடு நடந்த போரில் பிரான்ஸ் தோற்று, கிழக்கு எல்லையிலிருந்த அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. அதற்குப் பிறகு 'ஹவுசென்' என்று முடிகிற பெயரோடு அரசு ஒப்பந்தத்துக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? பிரஷ்ய உளவாளி என்று அவர்மேல் பழியே சுமத்தினார்கள். ஜெர்மானிய ஒலியுள்ள இந்தப் பெயரால் தான் பிரெஞ்சுக்காரன்தானா என்று சந்தேகப்படுகிறார்கள், தொழில் கெடுகிறது என்று மனுப் போட்டார். 1880இல்தான் சட்டப்படி வெறும் ஈஃபிள் ஆனார். கோபுரம் திறந்தது 1889இல். ஒன்பதே ஆண்டு இடைவெளி. மனுப் போடாமல் விட்டிருந்தால் நம் ஊர்ச் சுற்றுலாப் பயணிகள் இன்று எந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ஐஃபெல் மேட்டுநிலம் 1815 முதல் பிரஷ்யாவின் ஆட்சியில்தான் இருந்தது. பிரஷ்யாக்காரன் என்ற பழிக்கு அஞ்சியவர் கடைசியில் வைத்துக்கொண்டது பிரஷ்ய மலையின் பெயரை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு புகழ்பெற்ற பெயர் ஏன் பிரான்ஸில் அரிதாக இருக்கிறது? பிள்ளைகள் இல்லையா? (கோவை வாசகி)

ஐந்து பிள்ளைகள், அம்மா. மூன்று பெண், இரண்டு ஆண். அந்தக் காலத்தில் பெயர் ஆண் வழியில் மட்டுமே இறங்கும். மூத்த மகள் கிளேர், அதோல்ஃப் சால் என்பவரை மணந்தார். அந்தக் கிளை சால் ஆகிவிட்டது. இன்று வாரிசுகள் சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு 'ஈஃபிள்' என்று சேர்த்துக்கொள்வது அதனால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெயர் ஒரே ஆணிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் அவன் வழி வரும் ஒவ்வோர் ஆணுக்கும் சரியாக இரண்டு பிள்ளைகள், ஆணோ பெண்ணோ சரிபாதி வாய்ப்பு. மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் தலைமுறையிலேயே இரண்டும் பெண்ணாகப் பிறந்து பெயர் முடிந்துபோக நூற்றுக்கு 25 வாய்ப்பு. இரண்டாம் தலைமுறைக்குள் 39. மூன்றாவதில் 48. நான்காவதில் பாதியைத் தாண்டி 55. யாரும் சாகவில்லை, வம்சம் குறையவில்லை, பெயர் மட்டும் போய்விடுகிறது. 1873இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய கேள்வி என்று இதைப் பாடநூல்கள் சொல்லும். அதற்கு முன்பே 1845இல் இரெனே ஜூல் பியென்னெமே என்ற பிரெஞ்சுக்காரர் இதே கணக்கில் கை வைத்துவிட்டார். அவருடைய குடும்பப் பெயருக்கு 'மிகவும் நேசிக்கப்பட்டவன்' என்று பொருள்.

இதோடு முதல் உலகப் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் இழந்தது 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை. சிற்றூர்களின் நடுவே நிற்கும் நினைவுக் கல்லில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கணக்கே தேவைப்படாமல் பெயர் அறுந்த வீடுகள் அவை.

அரிய பெயர் என்றால் பிரபு வம்சம் என்று பாரிஸில் ஒரு நண்பர் பெருமையடிக்கிறார். 'து' என்ற முன்னொட்டும் இருக்கிறதாம். (சென்னை வாசகர்)

முன்னொட்டு இருந்தால் அவர் முன்னோர் எங்கோ ஓர் இடத்திலிருந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான். நிலம் உழுதவனுக்கும் அது உண்டு. அரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரத்தம் அல்ல; எழுத்தரின் பேனா, அல்லது பெண் பிள்ளைகள். நண்பரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒரு பெயர் பிரான்ஸின் எந்தப் பகுதிக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பெங்களூரு வாசகர்)

இதற்குத்தான் காத்திருந்தேன். பிரான்ஸின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, 1891 முதல் அந்நாட்டில் பிறந்தவர்களின் குடும்பப் பெயர்களை மாவட்ட வாரியாக எண்ணிக் கோப்பாகத் தந்திருக்கிறது. அதை வைத்து வரைபடம் போடும் இணையதளங்கள் 1891–1915, 1916–1940, 1941–1965, 1966–1990 என்று 25 ஆண்டுக் கூறுகளாகக் காட்டும். முதல் 25 ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். ரயில் ஏறி எல்லோரும் பாரிஸுக்குப் போவதற்கு முந்தைய படம் அதில்தான் ஓரளவு மிச்சமிருக்கிறது.

கொல்லனை எடுத்துக்கொள்வோம். இரும்படிக்கும் தொழிலால் வந்த பெயர் வடக்கே 'லெஃபெவ்ர்'. தெற்கே 'ஃபாப்ர்', 'ஃபோர்'. வடமேற்குக் கடலோரப் பகுதியான பிரெத்தாஞில் பிரெத்தோன் மொழியில் 'லெ கோஃப்'. அல்சாஸில் 'ஷ்மிட்'. எல்லாரும் கொல்லன்தான், உலைக்களம் எந்த மொழி பேசும் ஊரில் இருந்தது என்பதுதான் வேறுபாடு. இந்தப் பெயர்களின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாட்டின் பழைய மொழி எல்லைகள் தாமாகவே எழும்பி வரும். பிற்காலப் படங்களில் 'லெ கோஃப்' பாரிஸிலும் திரண்டிருக்கும். பிரெத்தாஞ் ரயில் வந்து நிற்கும் மோன்பர்நாஸ் நிலையத்தைச் சுற்றி அவர்கள் குடியேறிய கதை அது.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கோப்புக்கு அடிப்படையான தேசியப் பதிவேடு 1946இல்தான் தொகுக்கப்பட்டது. அதற்கு முன் இறந்தவர்கள் பலர் அதில் ஏறவில்லை. மிக அரிய பெயர்களைத் தனியே காட்டாமல் 'பிற பெயர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். ஆகவே உங்கள் பெயர் வரவில்லை என்றால் அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மொத்தத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பெயர்கள் பிரான்ஸில் பதிவாகியிருக்கின்றன. நம்பர் ஒன் 'மர்த்தேன்'. அதன் சொந்தக்காரர்கள் லட்சக்கணக்கில்.

பெயரே பொருளாக மாறியதால் அழிந்த பெயர்கள் உண்டா? (நெல்லை வாசகி)

பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்கு 'புபெல்'. அது ஒருவருடைய குடும்பப் பெயர். நார்மாந்தியின் கான் நகரில் பிறந்த எழேன் புபெல், பாரிஸ் அடங்கிய சேன் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது 1883 நவம்பர் 24 அன்று ஓர் உத்தரவு போட்டார். வீட்டுக்காரர்கள் மூடியுள்ள பெட்டிகள் வைக்க வேண்டும். அழுகும் குப்பைக்கு ஒன்று, தாளுக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. இன்று நம் நகராட்சிகள் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று சொல்வதை அவர் அன்றே சொன்னார். எரிச்சலடைந்த ஊர் அவர் பெயரையே தொட்டிக்குச் சூட்டியது. பள்ளிக்கூடத்தில் 'புபெல்' என்று வருகை கூப்பிட்டால் பையன் எப்படி எழுந்து நிற்பான்? 'கேலிக்கிடமான பெயர்' என்பது பிரான்ஸில் பெயர் மாற்றத்துக்கு ஏற்கப்பட்ட காரணம்.

நிழலுருவைக் குறிக்கும் 'சிலுவெட்' என்ற சொல்லும் அப்படித்தான். எத்தியேன் து சிலுவெட் 1759இல் சில மாதங்களே நிதி அமைச்சராக இருந்து சிக்கனம் பேசி வெறுப்பைச் சம்பாதித்தவர். மலிவானது எல்லாம் 'சிலுவெட் பாணி' ஆயிற்று, நிழலுருப் படமும் அவற்றில் ஒன்று. அவர் பெயர் பாஸ்க் மொழியிலிருந்து வந்தது. 'குழிகள் நிறைந்த இடம்' என்று பொருள். பாஸ்க்காரர்களுக்கு ஊரும் வீடும்தான் பெயர், மனிதன் அதில் குடியிருப்பவன்.

என் மனைவி வழியில் பாரிஸ் முன்னோர் உண்டு. 1800க்கு முன்னால் போக முடியவில்லையே? (புதுச்சேரி வாசகர்)

1871 மே மாதம், பாரிஸ் மக்கள் அரசுக்கு எதிராக நடத்திய கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில் நகர மண்டபம் எரிந்தது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேட்டின் இரண்டாம் பிரதி இருந்த நீதிமன்றக் கட்டடமும் எரிந்தது. 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவுகள் இரண்டு பிரதியும் சாம்பல். மூன்றில் ஒரு பங்கைத்தான் பிற ஆவணங்களிலிருந்து மீட்டெழுதினார்கள். நோத்தேர் எனப்படும் பத்திர எழுத்தர்களின் திருமண ஒப்பந்தங்களைத் தேடுங்கள், அவை தப்பித்தன.

அழியப்போகும் பெயரைச் சட்டத்தால் காப்பாற்ற முடியுமா? (ஈரோடு வழக்கறிஞர்)

முடியும். நான்காம் படி உறவு வரையுள்ள முன்னோரோ பக்கவழி உறவினரோ தாங்கிய பெயர் அற்றுப்போகும் நிலையில் இருந்தால், அதை எடுத்துச் சூடிக்கொள்ளப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இடம் தருகிறது. 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையோ இரண்டையும் சேர்த்தோ வைக்கலாம். இருந்தும் பத்தில் எட்டுப் பிள்ளைகள் தந்தை பெயரோடுதான் பதிவாகிறார்கள். 2022 ஜூலை முதல் வயது வந்தவர் நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்தே தாயின் பெயருக்கு மாறிக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்தது எப்படி? (காரைக்கால் வாசகர்)

1881 செப்டம்பர் 21 ஆணை. இந்துவோ முஸ்லிமோ கிறித்தவரோ, தம் சமூக வழக்குச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர், பதிவதிகாரி முன் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ரெனோன்சான்' என்று நாம் சொல்வது அவர்களைத்தான். காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காக 1873இல் வழக்கைச் சந்தித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்', அதாவது கதவு. அவரவர் மனத்தில் ஓடியதைப் பெயராக்கிக்கொள்ள ஒரே ஒரு பிற்பகல் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டே அந்தப் பதிவேடுகளைப் புரட்டுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த தாத்தா பெயர் இப்போது எனக்கும் தம்பிக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. ஊரில் சொந்தங்களுக்கு வேறு பெயர். இது சரியா, ஐயா? (பாரிஸ் வாசகி)

நம் வழக்கப்படி நீங்கள் அப்பாவின் பெயரைத் தாங்க வேண்டும், மகளே. பிரான்ஸில் படிவத்தின் 'நோம்', அதாவது குடும்பப் பெயர்க் கட்டத்தில் தாத்தா உட்கார்ந்துவிட்டதால் அவர் அங்கேயே உறைந்துவிட்டார். ஐஃபெல் மலை பாரிஸில் உறைந்ததும் இதே வழியில்தான். பிரெஞ்சுத் தீவுகளான ரெயூனியனிலும் குவாதலூப்பிலும் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் ஒற்றைப் பெயர்கள் ராமசாமி, முத்துசாமி என்று குடும்பப் பெயராகி இன்றும் நிற்கின்றன.

எழுத்தைக் கவனியுங்கள். பிரெஞ்சு எழுத்தர் நம் உகரத்துக்கு 'ஓ', 'யு' என இரண்டு எழுத்துப் போடுவார். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் அது ஆங்கில 'இஸட்' போல ஒலிக்கும் என்பதால் 'சாமி'க்கு இரட்டை 'எஸ்' போடுவார். ஆங்கில வழி வந்த இலங்கைக் கடவுச்சீட்டில் இரண்டும் ஒற்றை. அதனால் ஒரே ராமசாமி பிரெஞ்சுக் கோப்பில் இரண்டு தனித்தனிக் குடும்பப் பெயர்களாக எண்ணப்படுவார். அரிய பெயர்கள் பெருகும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் 'லிவ்ரே து ஃபமீய்' என்ற சிறு குடும்பப் பதிவுப் புத்தகம் இருந்தால், ஒரு தாளில் தாத்தாவின் முழுப் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி அதற்குள் செருகி வையுங்கள். புத்தகத்தின் மேலேயே எழுதிவிடாதீர்கள், அது அரசு ஆவணம். நகராட்சியில் சண்டைக்கு வருவார்கள்.