எம்ஜிபி காருக்கு எல்இடி டெயில் லைட்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையிலிருந்து 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் பின்விளக்கு பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: வெயில் நேரத்தில் பிரேக் மிதித்தால் பின்னால் வருபவருக்குத் தெரிவதே இல்லை. அதற்காக எல்இடி போடுபவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி (1972 ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை வகை): எந்த பல்ப் வாங்க வேண்டும்? சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் நல்ல வெளிச்சம் வரும் என்கிறார்கள். சரியா?

உங்கள் காரில் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பல்ப். பிரேக்கும் டெயிலும் சேர்ந்தது 21/5 வாட் (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5), மின்பாக நிறுவனமான லூக்காஸின் எண் 380, அடிப்பகுதி பிஏஒய்15டி. அதன் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும். இண்டிகேட்டர் 21 வாட், எண் 382, பிஏ15எஸ். எல்இடி வாங்கும்போதும் இந்த அடிப்பகுதியைப் பார்த்தே வாங்குங்கள். பிஏயூ15எஸ் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அதன் பின்கள் நேரெதிராக இருக்காது, உங்கள் ஹோல்டரில் உட்காராது.

வெள்ளை எல்இடி வேண்டவே வேண்டாம். இழை பல்பின் ஒளியில் சிவப்பு நிறையவே உண்டு. சிவப்புக் கண்ணாடி அதை மட்டும் வெளியே விடும். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளியும் மஞ்சள் பூச்சும் சேர்ந்தது, சிவப்பு அதில் மிகக் குறைவு. அதனால் கண்ணாடி பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும், வெளியே வருவதும் வெளிறி இளஞ்சிவப்பாகத் தெரியும். சிவப்புக்குள் சிவப்பு எல்இடி, ஆம்பருக்குள் ஆம்பர் எல்இடி. அப்படிப் போட்டால் கிட்டத்தட்ட முழு ஒளியும் வெளியே வரும்.

இன்னொன்று, எல்இடி துண்டுகள் பல்பின் தலையில் மட்டும் இல்லாமல் பக்கவாட்டில் சுற்றிலும் இருக்க வேண்டும். இழை பல்ப் எல்லாப் பக்கமும் ஒளி விடும், விளக்கின் உட்புறம் அதைப் பிடித்துத் திருப்பும். தலையில் மட்டும் ஒளிவிடும் பல்பைப் போட்டால் கண்ணாடியின் நடுவில் ஒரு பொட்டும், சுற்றிலும் இருட்டும்தான் மிஞ்சும். உட்புறம் பழுப்பேறியிருந்தால் சுத்தம் செய்து வெள்ளி நிறப் பெயிண்ட் அடியுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் நிறைய. போட்டபின் பல்பின் தலை கண்ணாடியில் முட்டவில்லையே என்றும் பாருங்கள். சில எல்இடி பல்புகள் பழையதைவிட நீளம்.

கேள்வி (1974 ஜிடி, அதாவது மூடிய கூரை வகை): நான்கு மூலையிலும் எல்இடி இண்டிகேட்டர் போட்டேன். சுவிட்சைத் தள்ளினால் எரிகிறது, ஆனால் சிமிட்டவே இல்லை. பல்ப் பழுதா?

பல்பில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் காரில் இருப்பது லூக்காஸ் 8எஃப்எல் வகை ஃபிளாஷர், அதாவது இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் சிறு டப்பா. உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு. இண்டிகேட்டருக்குப் போகும் கரண்ட் முழுவதும் அதன் வழியே போய் அதைச் சூடாக்கும். சூட்டில் தகடு துள்ளி இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் திரும்ப ஒட்டும். 21 வாட் பல்ப் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 3.5 ஆம்பியர். எல்இடி இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட வராது. தகடு சூடேறவில்லை, அதனால் இணைப்பு விடவில்லை. முன்னால் பழைய பல்பும் பின்னால் எல்இடியும் என்று கலந்து போட்டாலும் இதே கதைதான்.

எல்இடிக்கென்றே செய்த எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்குங்கள். அதில் தனியாக ஒரு கருப்பு எர்த் ஒயர் (காரின் உலோக உடலில் மாட்டுவது) தொங்கும் வகைதான் நம்பகமானது. எவ்வளவு குறைந்த கரண்டிலும் ஒரே வேகத்தில் சிமிட்டும். பச்சை ஒயர் பி முனைக்கு, வெளிர்பச்சையில் பழுப்புக் கோடு போட்ட ஒயர் எல் முனைக்கு. பழைய ஃபிளாஷரில் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டாலும் ஓடும், எலக்ட்ரானிக்கில் ஓடாது. கருப்பு ஒயரை டாஷ்போர்டுக்குள் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டுங்கள்.

ஹஸார்டு விளக்குக்கு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டுவது) தனி ஃபிளாஷர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் சேர்த்து மாற்றுங்கள். சில எலக்ட்ரானிக் வகைகள் சத்தமே போடாது. அப்படியானால் திரும்பியபின் இண்டிகேட்டரை அணைக்க மறப்பது சுலபம். டிக் டிக் சத்தம் வரும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபிளாஷரை மாற்றாமல், பழைய பல்பைப் போலக் கரண்ட் இழுக்கும் லோடு ரெசிஸ்டர் போடலாமா?

வேலை செய்யும், ஆனால் செய்யாதீர்கள். வழக்கமாக விற்பது 6 ஓம், 50 வாட். 13.8 வோல்ட்டில் அது 2.3 ஆம்பியர் இழுத்து 30 வாட்டுக்கு மேல் சூடாக்கும். எல்இடியால் மிச்சமான கரண்ட் அத்தனையும் சூடாகப் போகிறது. டிக்கியில் கார்ப்பெட்டிலோ ஒயர் கட்டிலோ பட்டால் உருகும். ஃபிளாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை.

கேள்வி (1970 ரோட்ஸ்டர்): இரவில் டெயில் லைட் பிரமாதமாக எரிகிறது. ஆனால் பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியவில்லை என்று பின்னால் வந்த நண்பர் சொல்கிறார்.

உடனே அந்த பல்பைக் கழற்றுங்கள். மங்கலான விளக்கைவிட இது ஆபத்து. பின்னால் வருபவர் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, வெளிச்சம் கூடுவதை. ஒரே கண்ணாடியில் டெயிலும் பிரேக்கும் இருந்தால் பிரேக் ஒளி டெயிலைவிடக் குறைந்தது 5 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதியிலும் உண்டு, அமெரிக்க விதியிலும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி டெயிலுக்குக் குறைந்தது 4 கேண்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் அளவு), பிரேக்குக்கு 60. பழைய 21/5 பல்பின் மொத்த ஒளியே பிரேக்குக்கு 440 லூமென், டெயிலுக்கு 35 லூமென். அதாவது 12 மடங்குக்கும் மேல். மலிவான எல்இடி பல்புகளில் டெயிலைத் தேவைக்கு மேல் பளிச்சென்று வைத்துவிடுகிறார்கள், பிரேக்குக்கு ஏற இடமில்லாமல் போகிறது.

வாங்குமுன் கடையிலேயே சோதிக்கலாம். பல்பை வெள்ளைச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் பிடித்து, டெயில் முனைக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். பிறகு பிரேக் முனையையும் சேருங்கள். சுவரில் ஒளி குதித்து ஏற வேண்டும். "ஏறியதா?" என்று யோசிக்க வேண்டியிருந்தால் அந்த பல்ப் வேண்டாம்.

கேள்வி (1976 ரோட்ஸ்டர்): பிரேக் மிதித்தால் டாஷ்போர்டில் இடது இண்டிகேட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. எல்இடி போட்ட பிறகுதான் இப்படி.

நோய் முன்பே இருந்திருக்கும், இப்போதுதான் கண்ணில் படுகிறது. இடது பின்விளக்கின் எர்த் போய்விட்டது. அந்த விளக்கில் பிரேக், டெயில், இண்டிகேட்டர் மூன்றுக்கும் எர்த் ஒன்றுதான். பச்சையில் ஊதாக் கோடு போட்ட ஒயர் வழியே பிரேக் கரண்ட் வருகிறது, பல்பைக் கடந்து ஹோல்டருக்கு வருகிறது, அங்கே எர்த் இல்லை. வேறு வழி தேடி, பக்கத்து இண்டிகேட்டர் பல்ப் வழியாகப் பின்னோக்கி ஏறி, பச்சை சிவப்பு ஒயரைப் பிடித்து முன்னால் போய் டாஷ்போர்டு விளக்கில் எர்த் ஆகிறது. பழைய பல்புகள் இருந்தபோது இந்தக் கள்ளவழியில் எல்லாம் சேர்ந்து மங்கலாக எரிந்திருக்கும், வயதான கார் என்று விட்டிருப்பீர்கள்.

விளக்கைக் கழற்றி, அது பாடியில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் செம்பழுப்புத் துரு பொடிப் பொடியாக உதிரும். பளபளக்கும் தகடு தெரியும்வரை தேயுங்கள், பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள், மேலே வாஸலின் தடவுங்கள். அதோடு விளக்கின் உடலிலிருந்து ஒரு சதுர மில்லிமீட்டர் கருப்பு ஒயரை டிக்கியில் உள்ள ஒரு நல்ல போல்ட்டுக்குத் தனியாக இழுத்துவிடுங்கள். டிக்கியில் இருக்கும் புல்லட் கனெக்டர்களையும் (குண்டு வடிவ முனையை உறைக்குள் செருகும் ஒயர் இணைப்புகள்) ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்; உள்ளே பச்சைக் களிம்பு இருந்தால் புல்லட்டையும் உறையையும் மாற்றுவதே நல்லது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சர்க்யூட்டைச் சோதிக்கும்போது எல்இடியை எடுத்துவிட்டுப் பழைய 21 வாட் பல்பைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். எல்இடி இழுக்கும் சின்னக் கரண்டில் கெட்ட இணைப்புகூட நல்லதாகக் காட்டும். பிரேக்கை மிதித்து வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரிலும் மறு முனையை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் அருமை. 0.3க்கு மேல் என்றால் எர்த்தில் வேலை இருக்கிறது. அடுத்து பேட்டரி பாஸிட்டிவிலிருந்து பச்சை ஊதா முனை வரை அளந்து பாருங்கள். வழியில் இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, பிரேக் சுவிட்ச் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். இழை பல்பில் 13.5 வோல்ட்டுக்குப் பதில் 12 வந்தாலே ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்த இழப்பைச் சரிசெய்ததும் பழைய பல்பே போதும் என்று நின்றுவிடுபவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

கேள்வி (1965 ரோட்ஸ்டர்): எல்இடி எதைப் போட்டாலும் எரிவதே இல்லை. பழைய பல்ப் எரிகிறது.

உங்கள் கார் பாஸிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாஸிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது. 1967 பிற்பகுதியில் மார்க் 2 என்ற அடுத்த வடிவம் வரும் வரை எம்ஜிபி எல்லாமே அப்படித்தான். இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பாஸிட்டிவ் எர்த் என்று குறிப்பிட்டோ, இரு திசையிலும் எரியும் என்று குறிப்பிட்டோ விற்கும் பல்பையும் ஃபிளாஷரையும் வாங்குவது முதல் வழி.

இரண்டாவது, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பேட்டரி ஒயர்களை மாற்றிய பின் டைனமோவின் எஃப் முனையிலிருக்கும் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் பாஸிட்டிவிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். டைனமோ திசை மாறிவிடும். பிறகுதான் ஒயரைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓட்ட வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள். எலக்ட்ரிக் டேக்கோமீட்டர் (எஞ்சின் வேகம் காட்டும் மீட்டர்) இருந்தால் அதன் உள்ளேயும் மாற்ற வேண்டும், எஸ்யூ பெட்ரோல் பம்பில் டயோடு இருந்தால் அதுவும் கெடும். விளக்குக்காக மட்டும் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: கண்ணாடிக்குள் பொருந்தும்படி நானே போர்டு செய்ய ஆசை. கணக்கு எப்படிப் போடுவது?

5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி ஒன்றுக்கு சுமார் 2.1 வோல்ட். நான்கைத் தொடராக வைத்தால் 8.4. பிரேக், டெயில் இரண்டு உள்ளீட்டிலும் ஆளுக்கொரு டயோடு போட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் கரண்ட் மற்றதற்குள் திரும்பிப் போகும். டயோடுக்கு 0.7. எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்றால் மிச்சம் 4.7. பிரேக் வழியில் 240 ஓம் வைத்தால் ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர். டெயில் வழியில் 2.2 கிலோஓம் வைத்தால் 2 மில்லிஆம்பியர். கரண்ட் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று, ஒளியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் வரும். 14.4 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து எரிந்தாலும் 25 மில்லிஆம்பியருக்குள் நிற்கும்; இவ்வகை எல்இடிகள் பலவற்றின் வரம்பு 30.

இதில் குறையும் உண்டு. எஞ்சின் நின்று 12 வோல்ட் ஆனதும் பிரேக் கரண்ட் 12 மில்லிஆம்பியராக இறங்கிவிடும். அது பிடிக்காவிட்டால் ரெசிஸ்டருக்குப் பதில் கரண்டை நிலையாக வைக்கும் சிப் ஒன்றைப் போடுங்கள். எப்படிச் செய்தாலும் உள்ளீட்டில் டிவிஎஸ் டயோடு (திடீரென எகிறும் வோல்டேஜை அடக்குவது) கட்டாயம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி இணைப்பு ஒரு நொடி விட்டாலும் பாயும் வோல்டேஜ் முழு போர்டையும் எரித்துவிடும்.

கேள்வி: டாஷ்போர்டு விளக்குகளையும் எல்இடி ஆக்கினேன். அடுத்த வாரமே பேட்டரி காலி.

சிவப்பு இக்னிஷன் விளக்கையும் மாற்றியிருப்பீர்கள். அதை மட்டும் தொடக்கூடாது. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் கரண்ட் அந்த 2.2 வாட் பல்ப் வழியாகத்தான் போகிறது. பழைய பல்பையே போடுங்கள், அல்லது எல்இடிக்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் சேருங்கள்.

கேள்வி: எல்இடி வேகமாக எரியும் என்கிறார்களே, நிஜமாகப் பயனுண்டா?

உண்டு. இழை முழு ஒளிக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் பின்னால் வருபவர் அந்த 0.2 நொடியில் ஐந்தரை மீட்டர் வந்துவிடுகிறார்.

கேள்வி: கார் 40 வயதைத் தாண்டிவிட்டது, எம்ஓடி சோதனை (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) இல்லை. அப்படியானால் விளக்கு எப்படி இருந்தாலும் சரிதானே?

இல்லை. 2018 மே முதல் பெரிய மாற்றம் செய்யாத பழைய கார்களுக்குப் பிரிட்டனில் அந்தச் சோதனையிலிருந்துதான் விலக்கு. விளக்குகள் ஒழுங்காக இருக்க வேண்டிய பொறுப்பு அப்படியே இருக்கிறது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். கடிகாரம் வைத்து எண்ணிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எல்இடி போட்டபின் ஃபியூஸைக் குறைக்கலாமா?

நான்கு ஃபியூஸ் பெட்டி என்றால் பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கான இரண்டையும் 10 ஆம்பியராகக் குறைக்கலாம்; ஒரு பக்கத்துச் சுமை மிகச் சிறியது. பச்சை ஒயர் ஃபியூஸைக் குறைக்காதீர்கள், வைப்பரும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே என்ன ஃபியூஸ் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. அந்த 35ஐப் பார்த்து, தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் வேறு வகை ஃபியூஸைப் போட்டுவைத்திருந்தால், ஃபியூஸ் போகுமுன் ஒயர் எரியும்.