மகனை வைண்டிங் கடையில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம். மகனுக்கு 18 வயது, ப்ளஸ் டூ முடித்துவிட்டான். கல்லூரிக்குப் போக மனமில்லை. ஆனால் மிக்ஸி, ஃபேன் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டிவிடுவான். கடலூரில் மோட்டார் வைண்டிங் (எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும்) கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், "கொண்டுவந்து விடுங்க, ஆறே மாசத்துல தொழில்காரனாக்கிடறேன். அதுவரைக்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடும் பஸ் காசும் தர்றேன்" என்கிறார். என் அண்ணனோ ஐடிஐயில் போடச் சொல்கிறார். புது மாதிரி ஃபேனெல்லாம் வந்த பிறகு இந்தத் தொழில் நிற்குமா என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, அந்தக் கடைசிப் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். சீலிங் ஃபேன் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிற வேலை குறையத்தான் போகிறது. பிஎல்டிசி என்கிற அந்தப் புது மாதிரி ஃபேனில் பெரும்பாலும் போவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு, காயில் அல்ல. ஆனால் உங்கள் மாவட்டம் போர்வெல் தண்ணீரில் விளைகிற மாவட்டம். நெல்லிக்குப்பம் கரும்பிலிருந்து உங்கள் ஊர் நெல் வரைக்கும் பூமிக்குள் ஒரு சப்மர்சிபிள் மோட்டார் ஓடியாக வேண்டும். முதுநகர் ஐஸ் பிளான்ட், சிப்காட், புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள் எல்லாமே மூன்று பேஸ் (மூன்று மின்வழியில் கரன்ட் வாங்கும்) மோட்டாரில்தான் நிற்கின்றன. போதாக்குறைக்கு உப்புக் காற்று. 2011 'தானே', 2024 'ஃபெஞ்சல்' மாதிரி ஒரு புயல் அடித்தால், தண்ணீரில் மூழ்கின மோட்டார்கள் கடை வாசலில் வரிசையாக வந்து உட்காரும். ஃபேனை மட்டும் நம்புகிறவனுக்குத்தான் கஷ்டம்.

அடுத்து அந்த ஆறு மாதக் கணக்கு. ஆறு மாதத்தில் ஃபேன் கட்டுவான், சிங்கிள் பேஸ் மோட்டாருக்குக் கூட நின்று கை கொடுப்பான். மூன்று பேஸ் மோட்டாரைத் தானே பிரித்து, கட்டி, "கொண்டு போங்க, ஓடும்" என்று பொறுப்பாகச் சொல்ல, நான் பார்த்தவரை, இரண்டரை, மூன்று வருடமாகும். கை பழகுவதற்கு அவ்வளவு நாள் தேவையில்லை, கண் பழகுவதற்குத்தான் தேவை.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் அந்தக் கடையில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். எரிந்த மோட்டார் ஒன்று வந்ததும் முதலில் எதை எடுக்கிறார்கள்? உளியையா, நோட்டையா? நல்ல கடையில் காயிலை வெட்டும் முன் நேம்பிளேட்டில் இருப்பதையெல்லாம் எழுதுவார்கள். பிறகு எத்தனை ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), எத்தனை போல் (காந்த முனை), காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, எத்தனை சுற்று, மூன்று பேஸ் காயிலையும் இணைத்த முறை ஸ்டாரா டெல்டாவா என்று குறிப்பார்கள். கம்பியின் மேல் பூச்சை நீக்கி மைக்ரோமீட்டரில் கேஜ் (கம்பியின் தடிமன்) பார்ப்பார்கள். உதாரணத்துக்கு 36 ஸ்லாட், 4 போல் மோட்டார் என்றால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட், அதில் ஒரு பேஸுக்கு 3. அடுக்கு முறையில் கட்டியிருந்தால் காயில்கள் 1–12, 2–11, 3–10 என்று ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வெட்டிவிட்ட பிறகு இதையெல்லாம் யாராலும் திரும்பப் பார்க்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், 5 எச்பி மோட்டார் ஒன்று. காயிலில் 76 கம்பி எண்ணினேன், 76 சுற்று என்று எழுதினேன். உண்மையில் அது இரட்டைக் கம்பியாகச் சுற்றியது, சுற்று 38தான். 76 சுற்றும் ஒற்றைக் கம்பியில் போட்டு முடித்தேன். கடையில் லோடு இல்லாமல் ஓட்டியபோது சத்தமே இல்லை, கரன்ட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டியது. நல்ல வேலை என்று நினைத்துவிட்டேன். பம்போடு சேர்த்ததும் மோட்டார் திணறி நின்றது. சுற்று இரண்டு மடங்கானால் இழுவை நாலில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு கம்பியும் வீண். நடவு நேரத்தில் அந்த விவசாயிக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நோட்டுக்கு அடுத்தது, எரிந்த காயிலைப் படிப்பது. கழற்றின ஸ்டேட்டரை (காயில் உட்கார்ந்திருக்கும், சுழலாத பகுதி) பையன் கையில் கொடுத்து, "ஏன் எரிஞ்சுது சொல்லு" என்று கேட்கிற ஆள்தான் குரு. ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் காயில் கருகி ஒரு பேஸ் காயில் மட்டும் புதிதுபோல மின்னினால், ஓடும்போது லைனில் ஒரு பேஸ் கரன்ட் விட்டுப்போயிருக்கிறது. டெல்டாவில் இதே கோளாறு வந்தால் ஒரு பேஸ் கருகி இரண்டு தப்பித்திருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது பம்ப் இறுகியிருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாயிருந்து ஸ்லாட் வாயில் ஒரே ஒரு இடம் வெடித்திருந்தால் ஸ்லாட்டுக்குள் வைக்கும் இன்சுலேஷன் பேப்பர் கிழிந்திருக்கும் அல்லது ஈரம் இறங்கியிருக்கும். காரணத்தைச் சொல்லாமல் காயிலை மட்டும் கட்டி அனுப்பினால் அதே மோட்டார் அடுத்த மாதமே திரும்பி வரும். ஸ்டார்ட்டரையும், கரன்ட் அதிகமானால் நிறுத்தும் ரிலேயையும் பார்க்கச் சொல்வதும் வைண்டிங்காரர் வேலைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை விறகுத் தீயில் போடுகிற கடை வேண்டாம். 370 டிகிரியைத் தாண்டினால் இரும்புத் தகடுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் கெட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். இன்சுலேஷன் விஷயத்தில் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வார்னிஷ் ஊற்றி ஓவனில் வைத்து முறையாகக் காய வைக்கிறார்களா, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருக்கிறதா என்றும் பாருங்கள். மெக்கரில் 5 மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற மோட்டாரை வெளியே விடக்கூடாது. புதிதாகக் கட்டினது அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கின மோட்டார் வந்ததும் "காயில் போச்சு" என்று சொல்லிவிடுகிற கடையிலும் விடாதீர்கள். கரன்ட் கொடுக்காமல் கொண்டுவந்திருந்தால் பிரித்து, நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, நிதானமான சூட்டில் உலர்த்தி, பேரிங் மாற்றி, மெக்கர் போட்டுப் பார்த்தால் எத்தனையோ பிழைத்துவிடும்.

சப்மர்சிபிள் கட்டுகிற கடையாக இருந்தால் மிகவும் நல்லது. தண்ணீர் நிரப்பி ஓடும் அந்த மோட்டாருக்கு வார்னிஷ் கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு சுற்றாக ஸ்லாட்டுக்குள் கோத்து இழுக்க வேண்டும், ஊசியில் நூல் கோப்பது மாதிரி. ஒரு இடத்தில் உறை உரசினாலும் மொத்தமும் போச்சு. பொறுமை வேண்டும். உங்கள் பகுதியில் அந்த வேலைக்குத்தான் கிராக்கி.

உங்கள் அண்ணன் சொல்வதும் சரிதான். என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் 2 வருடம், பத்தாவது தேர்ச்சி போதும். கடலூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஐடிஐ மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அங்கே கணக்கும் தியரியும் கற்பான், சான்றிதழ் கையில் வரும். மாலையிலும் விடுமுறையிலும் கடைக்குப் போகட்டும். அப்போது சம்பளம் இல்லாமல் இருப்பதும் நியாயமாக இருக்கும். ஐடிஐ முடித்ததும் 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு பயிற்சிக்குச் சேரலாம். நெய்வேலி என்எல்சி உங்களுக்குப் பக்கத்தில்தான், எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ் எடுக்கிறார்கள். 4 பேராவது வேலை செய்கிற இடமாக இருந்தால் சின்ன நிறுவனமும் இந்தத் திட்டத்தில் ஆள் சேர்க்கலாம்.

இரண்டு வருடம் காத்திருக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லையென்றால், இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். இந்த நிலையங்களின் பாடத்திட்டத்தில் மோட்டார் ரீவைண்டிங் உண்டு. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். அதில் தொழிலின் அடிப்படை கிடைக்கும். அதோடு நேரே கடையில் விட்டாலும், ஆறு மாதம் முடிந்ததும் சம்பளம் எவ்வளவு என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பேசப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று கேளுங்கள். டேட்டா நோட்டைப் பையன் கையால் எழுத விடுவீர்களா? கரன்ட்டைத் தேக்கி வைத்திருக்கும் கன்டன்சரைத் தொடுமுன் டிஸ்சார்ஜ் செய்யவும், சப்ளையைத் துண்டித்து டெஸ்டர் வைத்துப் பார்க்கவும் முதல் நாளே சொல்லித்தருவீர்களா? வார்னிஷும் தின்னரும் வைத்திருக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்கிறதா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அடுத்த திங்களே அனுப்பி வையுங்கள். போகும்போது 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் கழற்றுகிற ஒவ்வொரு மோட்டாரும் அதில் ஏற வேண்டும்.