டாக்டரிடம் கேளுங்கள்: வயலை விற்று ஊசி போட வேண்டாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் கல்லீரல் பற்றியவைதான் அதிகம். அம்பாசமுத்திரத்துக் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதில் ஒரு குடும்பத்தின் வயல் சம்பந்தப்பட்டிருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. குடியால் கல்லீரல் சுருங்கிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, ஊசி வைத்து எடுத்திருக்கிறார்கள். வெளியூரில் ஓர் இடத்தில், "கல்லீரல் செல்லை ஊசியாகப் போட்டால் புதுக் கல்லீரல் வளர்ந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்" என்கிறார்கள். ஆறு லட்சம் ரூபாய் ஆகுமாம். ஆற்றுப் பாசன வயலை விற்றால் கட்டிவிடலாம். போடலாமா டாக்டர்?
– ஒரு அக்கா, அம்பாசமுத்திரம்

விற்காதீர்கள் அம்மா. அந்த ஊசிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு வேறொருவர் இதையே வேறு பெயரில் கொண்டு வருவார்.

கல்லீரல் செல்லைச் செலுத்துவது கட்டுக்கதை இல்லை. ஹெபடோசைட் என்கிற அந்தச் செல்லை உயிரோடு பிரித்தெடுக்கும் நல்ல முறை 1969-லேயே வந்துவிட்டது. கொலாஜினேஸ் என்ற நொதியைக் கல்லீரலுக்குள் ஓடவிட்டால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மனிதர்களுக்குச் செய்து பார்த்தார்கள். 1994-ல் ஹைதராபாத் மருத்துவர்களும், கல்லீரல் திடீரென்று செயலிழந்த நோயாளிகளுக்குச் செல்களைச் செலுத்திப் பார்த்து அதை வெளியிட்டார்கள்.

எனக்கு மறக்கவே மறக்காதது 1998-ல் அமெரிக்காவிலிருந்து வந்த கட்டுரை. படித்த மறுநாளே மாணவர்களுக்கு அதைப் பாடமாக எடுத்தேன். பத்து வயதுப் பெண் குழந்தை. கிரிக்ளர்-நஜ்ஜார் என்ற பிறவிக் கோளாறு. மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினைக் கழிக்கும் நொதி மட்டும் அவள் கல்லீரலில் வேலை செய்யவில்லை. தினமும் பல மணி நேரம் விளக்கொளிக்கு அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக 750 கோடி செல்களை அவளுக்குச் செலுத்தினார்கள். பிலிருபின் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. விளக்குக்கு அடியில் இருக்கும் நேரமும் குறைந்தது. ஆனாலும் அது முழுக் குணம் இல்லை. பிற்பாடு அவளுக்கும் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு நொதியில்தான் குறை, மற்றபடி கல்லீரல் நல்ல கல்லீரல். போன செல்கள் தங்க இடம் இருந்தது. உங்கள் தம்பிக்கு அப்படி இல்லை. அவர் கல்லீரல் முழுக்கத் தழும்பு. ரத்தம் உள்ளே போகவே வழியில்லாமல்தான் வயிற்றில் நீர் கோக்கிறது. அங்கே செல்லைச் செலுத்துவது பாறையில் நாற்று நடுவது மாதிரி. நல்ல கல்லீரலிலேயே செலுத்திய செல்களில் பெரும்பகுதி சில நாட்களில் அழிந்துபோகிறது. அப்புறம், செல்லுக்கு எங்கே போவது? மாற்று அறுவைக்குத் தேறாத தானக் கல்லீரல்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அதை உறையவைத்து எடுத்தால் வீரியம் குறைந்துவிடுகிறது. அடுத்தவர் செல் என்பதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் தேவை.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். லண்டனில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் செல்களை ஆல்ஜினேட் என்னும் கடற்பாசிப் பொருளால் ஆன குட்டி மணிகளுக்குள் அடைத்து, கல்லீரல் திடீரென்று செயலிழந்த குழந்தைகளின் வயிற்றுக்குள் விட்டார்கள். மணிக்குள் இருப்பதால் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அவற்றை நெருங்க முடியாது. 2020-ல் வெளியான முடிவில் 8 குழந்தைகளில் 4 பேர் மாற்று அறுவை இல்லாமலே பிழைத்தார்கள். சொந்தக் கல்லீரல் தேறும்வரை தாங்கிப் பிடிக்கும் முயற்சி அது. 2024-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவுக்குள் செல்லைச் செலுத்தி, அங்கே குட்டிக் கல்லீரல் வளருமா என்று பார்க்கும் சோதனை தொடங்கியது. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் எல்லாமே இன்னும் சோதனைதான்.

சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர எந்த ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சையையும் பதிவு செய்த சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது. உங்களிடம் ஆறு லட்சம் கேட்டவரிடம், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண் என்ன என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியது இது: தம்பி குடியை இன்றே விடட்டும். ஆனால் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தட்டும். சுருங்கிய கல்லீரலிலும் இது பலன் தரும். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்டு மதிப்பெண் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள், நாலைந்து ரத்தப் பரிசோதனையில் கணக்கிட்டுவிடலாம். 15-ஐத் தாண்டினால், ஏன், வயிற்றில் நீர் கோத்தாலே மாற்று அறுவை பற்றிப் பேச வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அது நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கான காத்திருப்புப் பட்டியலில் அனுமதி பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். சீக்கிரம் போங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தன் அக்காவுக்குக் கல்லீரலில் பாதி கொடுக்கப் போகிறார். களக்காட்டு மண்டியில் வாழைத்தார் சுமக்கிற மனுஷன். இனி அவரால் வேலை செய்ய முடியுமா? பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், வள்ளியூர்

பயப்படத்தான் செய்வீர்கள். நான் பாளையங்கோட்டையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எங்களுக்கே கல்லீரல் என்றால் பயம்தான். திசையன்விளைப் பக்கமிருந்து பனையிலிருந்து விழுந்தவர்களைக் கொண்டுவருவார்கள். கல்லீரல் கிழிந்திருந்தால் ரத்தம் நிற்காது. பெரிய பெரிய துணிப் பொதிகளை வைத்து அழுத்திக் கட்டிவிட்டு விடிய விடியப் பக்கத்தில் நிற்போம்.

இன்று நிலைமை வேறு. கல்லீரல் தனித்தனி ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் கொண்ட 8 பகுதிகளால் ஆனது என்று பிரெஞ்சு மருத்துவர் கூய்னோ 1950-களில் வரைந்து காட்டினார். இப்போது சி.டி. ஸ்கேனில் அந்தக் குழாய்களை முன்கூட்டியே பார்த்து, எவ்வளவு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, அல்ட்ராசோனிக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறார்கள்.

வலது பக்கம் கொடுத்தால் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும். மிச்சம் இருப்பது முதல் சில வாரங்களிலேயே வேகமாகப் பெருத்து, சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும். வெட்டிய பகுதி அதே வடிவத்தில் முளைக்காது, இருக்கும் பகுதிதான் பெரிதாகும். வேலைக்கு அது போதும். தார் சுமப்பதை மட்டும் மூன்று மாதமாவது நிறுத்த வேண்டும், வயிற்றுத் தையல் இறுக அவ்வளவு காலம் ஆகும். அந்த மாதங்களுக்கு வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று அக்கா குடும்பத்தோடு இப்போதே பேசிவிடுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை இறந்திருக்கிறார்கள். பித்தம் கசிவது, சீழ் வைப்பது அதைவிட அதிகம். அதனால்தான் அவரைத் தனியாக உட்கார வைத்து, மனதார ஒப்புகிறாரா என்று கேட்பார்கள். கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் யாரும் குறை சொல்ல முடியாது. கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருந்தால் மருத்துவர்களே வேண்டாம் என்பார்கள்.

இந்தியாவில் உயிரோடு இருப்பவர் கொடுத்த கல்லீரலை வெற்றிகரமாகப் பொருத்தியது 1998-ல். பெற்றது காஞ்சிபுரத்துக் கைக்குழந்தை, கொடுத்தது அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?
– பீடி சுற்றும் ஒரு அம்மா, முக்கூடல்

1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நல்ல பலன் கண்டார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரண ஏ வகைக் காமாலை தானாகவே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். மோரில் கலந்து குடிப்பதோடு நிற்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கம் தலைகீழானாலோ பேச்சு குழறினாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரி. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

கேள்வி: எலிக்கு பேஸ்ட் தடவி வைத்த தேங்காய்ச்சில்லைப் பேரன் கடித்துவிட்டான். இரண்டு நாள் நன்றாக விளையாடியதால் டாக்டரிடம் காட்டவில்லை. ஒன்றும் ஆகவில்லை. செய்தது சரியா?
– ஒரு தாத்தா, திசையன்விளை

சரியில்லை அண்ணாச்சி. பிள்ளை தப்பியது நல்ல காலம். அந்த பேஸ்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால், முதல் இரண்டு நாள் பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரியலாம். அதற்கப்புறம்தான் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். மாற்று மருந்து கிடையாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து, பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) என்று சில சிகிச்சைகள் உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். இப்படி நடந்தால் பால், எண்ணெய் எதுவும் கொடுக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.